தேஜாஸ் ஏன் இவ்வளவு தாமதம்? என்ஜின் மட்டும்தான் காரணமா?

கேள்வி இது: “1983-ல் ஒப்புதல் கிடைத்த தேஜாஸ் போர் விமானத் திட்டம் நாற்பது வருடம் தாண்டியும் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? அமெரிக்கா என்ஜின் தராததா, அதைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல்லின் மெத்தனமா?”

இரண்டுமே உண்டு. ஆனால் இந்த இரண்டுக்கும் பின்னால் இன்னொரு காரணம் இருக்கிறது. செய்திகளில் அது அடிபடுவது குறைவு. நாம் ஆர்டர் கொடுத்த விதம்தான் அது. கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும், பொறுமையாகப் படியுங்கள்.

என்ஜினிலிருந்தே தொடங்குகிறேன். 2021 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சியில் தேஜாஸின் மேம்பட்ட ரகமான மார்க் 1ஏ விமானங்கள் 83-க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. மதிப்பு சுமார் 48,000 கோடி ரூபாய். முதல் விமானம் 2024 மார்ச்சுக்குள் விமானப்படைக்கு வந்திருக்க வேண்டும். இவற்றுக்கான என்ஜின், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரிக்கும் எஃப்404-ஐஎன்20. அதே வருடம் ஆகஸ்டில் 99 என்ஜின்களுக்கு 71.6 கோடி டாலர் ஆர்டர் போனது. முதல் என்ஜினை அந்த நிறுவனம் கையளித்தது 2025 மார்ச் கடைசியில். அதாவது விமானம் வரவேண்டிய தேதிக்கு ஒரு வருடம் கழித்துத்தான் அதன் என்ஜினே வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, அதே எலகங்காவில், விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் எச்ஏஎல் அதிகாரிகளிடம் நேருக்கு நேராகவே தன் ஆதங்கத்தைக் கொட்டினார். பிப்ரவரியில் 11 விமானம் தயாராக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள், வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை என்றார். அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2025 முடியும்வரை ஒரு மார்க் 1ஏ விமானம்கூட படையிடம் வந்து சேரவில்லை.

சரி, ஜெனரல் எலக்ட்ரிக் ஏன் தாமதித்தது? கோவிட் காலத்துக்குப் பிறகு உலகம் முழுக்க விமான உதிரிபாகத் தட்டுப்பாடு இருந்தது, அது ஒரு பகுதி. ஆனால் அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் வேறு. 2016-க்குள் இந்தியாவுக்கு 65 எஃப்404-ஐஎன்20 என்ஜின்களைக் கொடுத்து முடித்துவிட்டது. அடுத்த ஆர்டர் எதுவும் இல்லை. தயாரிப்பு லைனை நிறுத்திவிட்டது. ஐந்து வருடம் கழித்து நாம் மறுபடி ஆர்டர் கொடுத்தபோது, அந்த லைனை முதலிலிருந்து உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தேதிகளை அடுக்கிப் பார்க்க வேண்டும். முதல் 20 விமானங்களுக்கான ஆர்டர் 2006-ல். அடுத்த 20 ஆர்டர் 2010-ல். அதற்குப் பிறகு அடுத்த ஆர்டர் 2021-ல்தான். நடுவில் பதினோரு வருடம். இதில் இன்னும் வருத்தமான சங்கதி, 83 விமானம் வாங்கலாம் என்று பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் கொடுத்தது 2016 நவம்பரிலேயே. விலைக்கேட்பு, பேரம், கமிட்டி, மறுபடியும் பேரம் என்று கையெழுத்தாக நாலு வருடத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் அந்த லைன் சும்மா கிடந்ததும் ஏறத்தாழ இதே வருடங்களில்தான். டெல்லியில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அங்கே ஆட்கள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாவு, அதாவது தறியில் ஏற்றிய நெடுக்கு நூல், தீருமுன் அடுத்த பாவு வந்துவிட்டால் பழைய இழையோடு புது இழையைப் பிணைத்து ஓட்டிவிடலாம். தறியைக் காலிசெய்துவிட்டு ஐந்து வருடம் கழித்து வந்தால் விழுதும் அச்சும் எல்லாம் முதலிலிருந்து. என்ஜின் லைனுக்கும் அதே நிலைதான். ஒரு ஜெட் என்ஜினில் ஆயிரக்கணக்கான பாகங்கள். முதன்மை நிறுவனம் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. வார்ப்பு ஒருவர், அடித்து உருவாக்கும் தட்டு ஒருவர், பேரிங் ஒருவர், பூச்சு ஒருவர். அதில் ஒரு சின்ன நிறுவனம் ஆர்டர் இல்லையென்று இயந்திரத்தை விற்றுவிட்டாலே போதும். புது ஆளைத் தேடி, மாதிரி செய்யச் சொல்லி, சோதித்து, சான்று கொடுத்து உள்ளே கொண்டுவர மாதங்கள் ஆகும். விமானத் துறையில் ‘இதுவும் அதே மாதிரிதான் இருக்கிறது’ என்று ஒரு பாகத்தை மாட்டிவிட முடியாது.

இதே நிலைமை நம் ஊர் சப்ளையர்களுக்கும் உண்டு. தேஜாஸின் இறக்கைகள் கோவையில் உள்ள எல் அண்ட் டி ஆலையில் பொருத்தப்படுகின்றன. மார்க் 1ஏ-க்கான முதல் ஜோடியை 2025 ஜூலையில் எச்ஏஎல்லிடம் ஒப்படைத்தார்கள். காற்று உள்வாங்கும் பகுதியும் கோவையின் எல்எம்டபிள்யூ நிறுவனத்திலிருந்து வருகிறது. நடு உடல் ஹைதராபாதின் விஇஎம் டெக்னாலஜீஸ், பின் உடல் ஆல்ஃபா டோக்கால். இவ்வளவு வேலை தனியாரிடம் போனது நல்ல விஷயம். ஆனால் இது இருபது வருடம் முன்பே நடந்திருக்க வேண்டியது. நடக்காததற்குக் காரணம் எளிமையானது. மொத்தமே 40 விமானம் என்றால் எந்த முதலாளி அதற்கென்று கருவி, அச்சு, ஆள் என்று பணம் போடுவார்?

ஒரு சின்ன டைட்டானியம் தாங்கியை எடுத்துக்கொள்வோம். வரைபடம் கையில் இருக்கிறது, கடைசல் செய்ய நல்ல இயந்திரமும் இருக்கிறது. இருந்தாலும் விமானத் தரத்தில் சான்று பெற்ற டைட்டானியம் கட்டி வேண்டும். எட்டு விமானத்துக்குத் தேவைப்படுவது சில கிலோதான். உருக்காலையோ குறைந்தபட்சம் இவ்வளவு எடுத்தால்தான் தருவேன் என்கிறது. மீதியை வைத்துக்கொண்டு சப்ளையர் என்ன செய்வார்? அப்படியே வாங்கிவிட்டாலும், எந்த உருக்கில் வந்தது என்ற எண்ணிலிருந்து வெப்பப் பதப்படுத்தல், விரிசல் சோதனை, அளவுச் சோதனை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தாள் வேண்டும். ஒரு தாள் இல்லையென்றால் பாகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்குவதுதான் சரி. விமானி உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இந்த ஒழுங்கையெல்லாம் கற்று, ஆட்களைப் பழக்கி, இருபது செட் செய்து முடித்த பிறகு அடுத்த ஆர்டருக்குப் பத்து வருடம் காத்திரு என்றால், அந்தச் சிறு தொழிற்கூடம் மோட்டார் பம்ப் பாகத்துக்கோ கார் பாகத்துக்கோ திரும்பிவிடும். யார் குறை சொல்ல முடியும்?

எச்ஏஎல்லை இதிலிருந்து முழுதாக விடுவித்துவிட வேண்டாம். 2010-ல் ஆர்டரான 20 விமானங்களுக்குத் தேவையான இறுதிச் செயல்பாட்டு அனுமதி கிடைத்ததே 2019 பிப்ரவரியில். அவற்றில் முதலாவது 18-ஆம் படையணிக்குச் சூலூரில் ஒப்படைக்கப்பட்டது 2020 மே மாதத்தில். இடையில் மூக்குக் கூம்பு ஒரு உதாரணம். ரேடார் அதற்குள்தான் இருக்கிறது. கூம்பின் பொருள் ரேடார் அலைகளைக் கெடுத்தால் ரேடார் எட்டிப் பார்க்கும் தூரமே குறைந்துவிடும். முதலில் இங்கே கெவ்லாரில் செய்தது போதவில்லை. பிறகு பிரிட்டனின் கோப்ஹாம் (Cobham) என்ற நிறுவனத்திடமிருந்து குவார்ட்ஸ் கூம்பு வாங்க வேண்டியதாயிற்று. வானில் எரிபொருள் நிரப்பும் குழாயும் அவர்களிடமிருந்தே. இப்படி ஒவ்வொரு பாகமும் ஒரு வெளிநாட்டு டெலிவரி தேதியோடு கட்டப்பட்டிருந்தது. 2015-ல் தணிக்கைத் துறை அறிக்கை, விமானத்தில் உள்நாட்டுப் பங்கு சுமார் 35 சதவீதம் என்றும், மார்க் 1 ரகத்தில் 53 குறைகள் என்றும் சொன்னது.

மார்க் 1ஏ-விலும் என்ஜின் வந்தால் மறுநாளே பறந்துபோய்ப் படையில் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதன் முதல் விமானம் 2024 மார்ச் 28-ல் பறந்தது. புது என்ஜின் வராததால் கையிருப்பில் இருந்த பழைய என்ஜின்களை மாட்டித்தான் பறக்கவிட்டார்கள். அப்படிப் பறந்ததை டெலிவரி என்று சொல்ல முடியாது. புது ரேடார், புது மின்னணுப் போர்க் கருவி, ஏவுகணை எல்லாம் மென்பொருளில் ஒன்றோடொன்று பேச வேண்டும். நிஜமாக ஏவிப் பார்த்து, விமானப்படை திருப்தியடைந்து கையெழுத்திட வேண்டும். அந்த வேலையும் பின்தங்கியிருந்தது. என்ஜின் தாமதம் பெரிதாகத் தெரிந்ததால் மற்றவை அதன் நிழலில் மறைந்துகொண்டன என்பது என் கணிப்பு.

விமானப்படையும் நடுவில் தேவைகளை மாற்றியது. ஆரம்பத்தில் ஆர்-60 என்ற சின்ன ஏவுகணைக்கு ஏற்ப இறக்கை வடிவமைக்கப்பட்டது. பிறகு எடை கூடிய ஆர்-73 வேண்டும் என்றார்கள். காலம் மாறியது, கேட்டதில் தவறில்லை. ஆனால் இறக்கையை வலுப்படுத்தி மறுபடி சோதிக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் பழைய தேதியையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி அடுத்த கேள்வி இயல்பாக வரும். நம்மிடமே என்ஜின் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1950-களில் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் எச்ஏஎல்லில் இருந்து உருவாக்கிய எச்எஃப்-24 மாருத் 1961 ஜூனில் பறந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கவேண்டிய உடல்வாகு. எதிர்பார்த்த வலுவான ஆர்ஃபியஸ் என்ஜின் பிரிட்டனில் கைவிடப்பட்டது. அதைத் தொடர்ந்து உருவாக்க இந்தியா பணம் தர முன்வரவில்லை. எகிப்து உருவாக்கிய என்ஜினைக்கூட மாட்டிப் பார்த்தார்கள். கடைசியில் குறைந்த வலுவுள்ள என்ஜினோடே 147 விமானங்கள் வந்தன. 1971 போரில் நன்றாகவே உழைத்தன. ஆனால் அந்த உடலுக்கு உரிய வேகம் அதற்குக் கிடைக்கவே இல்லை. மாருத் ஓய்ந்த பிறகு அந்த வடிவமைப்பு அனுபவமும் கலைந்துபோனது. தேஜாஸ் தொடங்கியபோது ஒரு தலைமுறை இடைவெளி. அதைத் தாண்டவே பல வருடம் போனது.

தேஜாஸுக்கென்று காவேரி என்ஜின் திட்டம் 1989-ல் அனுமதிக்கப்பட்டது. பெங்களூருவின் ஜிடிஆர்இ ஆய்வகத்துக்குக் கிடைத்த முதல் ஒதுக்கீடு சுமார் 383 கோடி ரூபாய். இந்த வேலைக்கு அது எவ்வளவு குறைவு என்பதை வளர்ந்த நாடுகளின் செலவைப் பார்த்தாலே தெரியும். இலக்கு 81 கிலோநியூட்டன் உந்துவிசை. என்ஜின் எடை கூடியது, உந்துவிசை இலக்கைத் தொடவில்லை, விமானத்தின் எடையும் ஏறிக்கொண்டே போனது. 2008-ல் காவேரியைத் தேஜாஸிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

எங்கே சிக்கியது என்று புரிய ஒரே ஒரு பாகத்தை மட்டும் பார்த்தால் போதும்: டர்பைன் இதழ். உள்ளங்கையில் அடங்கிவிடும். எரிப்பறையிலிருந்து அதன்மேல் பாயும் வாயுவின் வெப்பம், அந்த இதழ் செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பநிலையைவிட அதிகம். அந்தச் சூட்டில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்ற வேண்டும். சுழலும் வேகத்தில் ஒவ்வொரு இதழும் டன் கணக்கான விசையோடு வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். உருகாமல் எப்படி நிற்கிறது? உள்ளே தலைமுடி வகிடுபோல மெல்லிய வழிகள் வளைந்து வளைந்து ஓடும். அவற்றில் குளிர்ந்த காற்று புகுந்து, மேற்பரப்பில் உள்ள பொடித் துளைகள் வழியாக வெளியேறி, இதழைச் சுற்றி ஒரு காற்றுப் போர்வையாகப் படியும். அதற்குமேல் பீங்கான் பூச்சு. இவ்வளவும் போதாதென்று, உலோகமே ஒற்றைப் படிகமாக வளர்ந்திருக்க வேண்டும். சாதாரண வார்ப்பில் பல படிகங்கள் சேரும் எல்லைக் கோடுகள் இருக்கும். சூட்டில் முதலில் விட்டுக்கொடுப்பது அந்தக் கோடுகள்தான். ஆகவே வெற்றிட உலையில் உருக்கி ஊற்றி, அச்சைச் சூடான பகுதியிலிருந்து மிக மெதுவாக இறக்கி, ஒரே படிகம் அடியிலிருந்து நுனிவரை வளரும்படி செய்வார்கள். உள்வழிகளுக்காக வைத்த பீங்கான் கரு ஒரு துளி நகர்ந்தாலும் இதழின் சுவர் மெலிந்துவிடும். அந்த இதழ் குப்பைக்கு.

இதன் சூத்திரத்தை யாரும் விற்க மாட்டார்கள். எத்தனை நட்பு நாடாக இருந்தாலும் சரி. ஹைதராபாதின் டிஎம்ஆர்எல் ஆய்வகம் 2021-ல் ஹெலிகாப்டர் என்ஜினுக்காக 60 ஒற்றைப் படிக இதழ்களை எச்ஏஎல்லுக்குக் கொடுத்தது. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த உலையருகே நின்ற ஆட்கள்தான் நம் நாட்டின் சொத்து. அவர்களுக்கு அடுத்த வேலை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே என் கவலை.

சோதனைக்கும் இடமில்லை. உயரத்தில் என்ஜினைப் பறந்தபடி சோதிக்க நம்மிடம் பறக்கும் சோதனைக்கூடம் கிடையாது. 2010-ல் காவேரியை ரஷ்யாவுக்கு எடுத்துப்போய் இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டித்தான் சோதித்தார்கள். ஏதாவது மாற்றம் செய்தால் மறுபடி அவர்களிடம் தேதி கேட்டு, கப்பலேற்றி, காத்திருக்க வேண்டும்.

1998-ஐயும் சொல்லாமல் விட முடியாது. பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தது. தேஜாஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக லாக்ஹீட் மார்ட்டினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்தியப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் கருவிகளும் அங்கேயே முடங்கின. தேஜாஸ் வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்ட விமானம். கணினி நொடிக்கு நொடி திருத்திக்கொண்டிருந்தால்தான் நேராகப் பறக்கும். அந்த மென்பொருளில் ஒரு பிழை இருந்தாலும் முதல் பறப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும். நம் ஆட்கள் பெங்களூருவில் உட்கார்ந்து அதை எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் தேஜாஸை எடுத்துப் பறந்து பத்திரமாக இறக்கினார். தாமதம் பற்றிப் பேசும்போது இந்தச் சாதனையை மறந்துவிடக்கூடாது என்று நினைக்கிறேன். தடை விழுந்த இடத்தில் நாம் கற்றுக்கொண்டோம். அதே உழைப்பும் பணமும் என்ஜினுக்குப் போகவில்லை.

வெளியிலிருந்து என்ஜின் வாங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. ஸ்வீடனின் கிரிப்பென் அதே எஃப்404 குடும்ப என்ஜினோடு 1988-லேயே பறந்தது. தென்கொரியாவின் கேஎஃப்-21 விமானம் 2022-ல் அதே ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்414 என்ஜினோடு பறந்தது. கொரியர்கள் அதற்கு முன்பே டி-50 பயிற்சி விமானத்துக்காக எஃப்404 என்ஜினை உள்நாட்டில் உரிமம் பெற்றுச் சேர்த்துப் பழகியிருந்தார்கள். ஒரு விமானத்தின் ஆர்டர் முடியுமுன் அடுத்ததைத் தொடங்கினார்கள். சீனாவின் ஜே-10 பல வருடம் ரஷ்ய என்ஜினில்தான் பறந்தது. பக்கத்திலேயே சொந்த என்ஜினுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கமும் இப்போது கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 25-ல் மேலும் 97 மார்க் 1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாள் சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்கள் விடைபெற்றன. 42 படையணி இருக்கவேண்டிய இடத்தில் 29 என்ற நிலை. ஆனால் கவனிக்க வேண்டியது, இந்த முறை என்ஜினுக்காகக் காத்திருக்கவில்லை. நவம்பர் 7-ல், ஆறே வாரத்தில், 113 என்ஜின்களுக்கு ஆர்டர் போட்டார்கள். பழைய 99-ஐயும் சேர்த்தால் 180 விமானத்துக்கு 212 என்ஜின். ஜெனரல் எலக்ட்ரிக்கின் லைன் 2032 வரை மூடாது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் கடந்த பத்து வருடத்தில் எடுத்த ஆக உருப்படியான முடிவு இதுதான்.

அதே மாதம் 21-ஆம் தேதி துபாய் கண்காட்சியில் ஒரு தேஜாஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் ஸ்யால் உயிரிழந்தார். அதை வைத்து விமானமே மோசம் என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். முதல் பறப்புக்குப் பிறகு 23 வருடம், 2024 மார்ச்சில் ஜெய்சல்மேரில் ஒன்று விழும்வரை, ஒரு தேஜாஸும் விபத்தில் சிக்கவில்லை. அன்று விமானி குதித்துத் தப்பினார்.

எப்போது நிலைமை சரியாகும் என்று கேட்பீர்கள். பெங்களூருவில் இரண்டு லைன், வருடத்துக்கு 16 விமானம். நாசிக்கில் மூன்றாவது லைன், வருடத்துக்கு 8. அங்கிருந்து முதல் விமானம் 2025 அக்டோபரில் பறந்தது. மூன்றும் முழு வேகத்தில் ஓடினால் வருடத்துக்கு 24. மாதம் இரண்டு என்ஜின் தவறாமல் வந்தால்தான் அது நடக்கும். அப்படி நடந்தாலும் 180 விமானம் முடிக்க ஏழரை வருடம்.

அதற்குள் அடுத்த ரகமான தேஜாஸ் மார்க் 2 வரவேண்டும். அதன் எஃப்414 என்ஜின் தேர்வானது 2010-ல். இங்கேயே தயாரிக்கத் தொழில்நுட்பம் தருவதாக எச்ஏஎல்லுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் 2023 ஜூனில். விலை பேசி இறுதிக் கையெழுத்து 2025 முடியும்வரை ஆகவில்லை. அடுத்த தலைமுறை ஆம்கா விமானத்தின் முதல் ரகமும் இதே என்ஜினை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே, தேஜாஸ் பற்றிய செய்தியில் எத்தனை விமானம் பறந்தது என்பதைவிட, அந்த எஃப்414 ஒப்பந்தத் தேதியையும், மாதாமாதம் எத்தனை எஃப்404 வந்து இறங்குகிறது என்பதையும் பார்த்துவாருங்கள். 2030-களில் விமானப்படையிடம் எத்தனை படையணி இருக்கும் என்பதை அந்த இரண்டையும் வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.